நாலு விலை, நாலு லென்ஸ்: எதை வைத்துக்கொள்வது?

கண்புரைக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் ஆஸ்பத்திரியில் ஒரு விலைப்பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் படம் பிடித்து அனுப்பி, "எதை டிக் பண்ணட்டும் டாக்டர்?" என்று கேட்பவர்கள்தான் இந்த மாதம் அதிகம். தஞ்சாவூர்ப் பக்கம் அரசு மருத்துவமனையிலும், அப்புறம் சொந்த கிளினிக்கிலும் கண் பார்த்தவள் நான். இப்போது ஆபரேஷன் செய்வதில்லை. யாருக்கும் லென்ஸ் விற்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன்.

"என் அம்மாவுக்கு 66 வயது. ஸ்ரீரங்கத்தில் கோயில் பக்கம் பூக்கடை. இன்றும் தினமும் உட்கார்ந்து பூக்கட்டுகிறார். இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் சாதா லென்ஸ், மடிக்கிற லென்ஸ், இம்போர்ட்டட், மல்டிஃபோகல் என்று நாலு பேக்கேஜ் சொன்னார்கள். விலை ஏற ஏற நல்லது என்கிற மாதிரிதான் பேச்சு. கடன் வாங்கியாவது உசந்ததை வைத்துவிடலாமா?"
— பூக்கடைக்காரரின் மகன், ஸ்ரீரங்கம்

கடன் வேண்டாம், தம்பி. அந்தப் பட்டியலிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. சாதா, மடிக்கிற என்பதெல்லாம் லென்ஸ் எதனால் ஆனது, எவ்வளவு சின்ன வெட்டு வழியாக உள்ளே போகும் என்பதைச் சொல்பவை. இம்போர்ட்டட் என்றால் எங்கே தயாரானது என்பது. மல்டிஃபோகல் என்றால் எத்தனை தூரத்துக்குத் தெளிவு என்பது. மூன்றும் வேறு வேறு சங்கதி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி விலை போட்டதால், மேலே போகப் போக உசத்தி என்று தோன்றுகிறது. உள்நாட்டில் செய்த லென்ஸிலும் மல்டிஃபோகல் உண்டு, வெளிநாட்டிலிருந்து வரும் லென்ஸிலும் ஒரே தூரத்துக்கானது உண்டு.

மடிக்கிற லென்ஸ் பெரும்பாலும் அக்ரிலிக். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியே சுருண்டு உள்ளே போய் விரியும். அதிலும் இரண்டு வகை. தண்ணீரை ஏற்பது ஹைட்ரோபிலிக், ஏற்காதது ஹைட்ரோபோபிக். பில்லில் இந்தப் பெயர்கள் இருக்கும், பாருங்கள். லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய சவ்வு பிற்காலத்தில் மங்குவது ஹைட்ரோபோபிக்கில் குறைவு. விளிம்பைச் சதுரமாக வெட்டிய மாடல்களில் இன்னும் குறைவு. கையில் கொஞ்சம் பணம் கூடுதலாக இருந்தால் நான் செலவழிக்கச் சொல்வது இதற்குத்தான்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். என் மேஜை டிராயரில் ஒரு தையல்காரர் இன்ச் டேப் எப்போதும் கிடக்கும். ஆபரேஷனுக்கு வருகிறவரிடம், நாள் முழுக்க எதைப் பார்க்கிறீர்களோ அதைப் பிடித்துக் காட்டுங்கள் என்பேன். கண்ணிலிருந்து கைக்கு டேப் பிடித்து அளந்து சீட்டில் எழுதிக்கொள்வேன். உங்கள் அம்மா எப்படி உட்காருகிறார் என்று கவனியுங்கள். மடியில் கூடை, ஈர வாழைநார், இரண்டு கையும் மார்புக்குக் கீழே. கண்ணிலிருந்து நாற்பது, நாற்பத்தைந்து சென்டிமீட்டர் இருக்கும். பழகின கை பார்க்காமலே முடிச்சுப் போட்டுவிடும். ஆனால் மல்லிகையில் பழுப்பேறின மொக்கைப் பொறுக்கித் தள்ளக் கண் வேண்டும். ஐந்நூறு ரூபாய் நோட்டு நல்லதா என்று பார்க்கவும் வேண்டும்.

ஒரே தூரத்துக்கான லென்ஸை மோனோஃபோகல் என்போம். வழக்கமாக அதைத் தூரத்துப் பார்வைக்குத்தான் கணக்குப் போட்டு வைப்பார்கள். அப்படி வைத்தால் பஸ் போர்டு பளிச்சென்று தெரியும். பூக்கட்ட மட்டும் இரண்டரை பவரில் கண்ணாடி போட வேண்டும். நாள் முழுக்க ஈரக் கையோடு, குனிந்த தலையோடு, மூக்கில் வழுக்கும் கண்ணாடியோடு வேலை.

அதே லென்ஸைக் கிட்டப் பார்வைக்கும் கணக்குப் போட்டு வைக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணில் மைனஸ் இரண்டரை இருக்கும்படி லென்ஸ் பவரைத் தேர்ந்தால் நாற்பது சென்டிமீட்டரில் தெளிவு. மைனஸ் இரண்டு என்றால் ஐம்பதில். கூடுதலாகப் பத்துப் பைசா செலவில்லை, லென்ஸ் அதேதான், பவர் மட்டும் வேறு. அப்போது அம்மா கண்ணாடி இல்லாமல் பூக்கட்டுவார். கடைக்கு வெளியே கிளம்பும்போதும் டிவி பார்க்கும்போதும் கண்ணாடி போட்டுக்கொள்வார். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை மைனஸ் ஒன்றேகால், ஒன்றரை அளவுக்கும் வைத்துச் சமாளிக்கிற முறையும் இருக்கிறது. ஆனால் அதில் தெளிவு எழுபது, எண்பது சென்டிமீட்டரில்தான் விழும். பூவுக்கு அது போதாது.

அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: புரை வருவதற்கு முன்னால் கிட்டத்து வேலைக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பாரா? ஆமாம் என்றால் கிட்டப் பார்வைக்கு வைப்பதே அவருக்குப் பழகின வழி. ஆயுசுக்கும் தூரப் பார்வை தெளிவாக இருந்து பழகியவர் என்றால் இரண்டு முறை யோசிக்கட்டும், தூரம் மங்கினால் சிலருக்குப் பிடிப்பதில்லை. எதுவானாலும் கண்ணை அளக்கிற அன்றே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷன் டேபிளில் படுத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

"வயது 57. முப்பது வருஷமாக லாரி, பெரும்பாலும் ராத்திரி ஓட்டம். வலது கண்ணில் புரை. 'டிரைஃபோகல் வைத்தால் கண்ணாடியே வேண்டாம்' என்கிறார்கள். வைக்கலாமா?"
— சொந்த லாரி ஓட்டுபவர், நாமக்கல்

வேண்டாம் ஐயா.

டிரைஃபோகல் லென்ஸின் பரப்பில் நுணுக்கமான வட்ட வட்டப் படிகள் இருக்கும். உள்ளே வரும் வெளிச்சத்தை அவை தூரம், நடு, கிட்டம் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பும். ஒரு வாய்க்கால் தண்ணீரை மூன்று வயலுக்கு மடை திறந்து விடுவது மாதிரிதான், ஒவ்வொரு வயலுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் பாயும். பகலில் இது தெரியாது. இருட்டில், மழையில், பனியில் தெரியும். அதோடு, நீங்கள் தூரத்தில் ஒரு விளக்கைப் பார்க்கும்போது மற்ற இரண்டு தூரத்துக்கான வெளிச்சமும் விழித்திரையில் மங்கலாக விழுகிறது. அதுதான் விளக்கைச் சுற்றி வளையமாகத் தெரிகிறது. ராத்திரியில் கண்மணி விரிந்திருப்பதால் வளையம் இன்னும் பளிச்சென்று இருக்கும். எதிரே ஹைபீமில் வரிசையாக வண்டி வருகிற ரோட்டில் ஸ்டியரிங் பிடிக்கிற ஆளுக்கு இது ஒத்துவராது. வீட்டோடு இருக்கிறவருக்கு, பேப்பரும் செல்போனும் கண்ணாடி இல்லாமல் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு, இதே லென்ஸ் நல்ல லென்ஸ். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்களுக்கு மோனோஃபோகல், தூரத்துக்கு. 'ஆஸ்ஃபெரிக்' என்று போட்டிருப்பதாக இருக்கட்டும், மங்கல் வெளிச்சத்தில் கொஞ்சம் துல்லியம் கூடும். டேஷ்போர்டு உங்கள் கண்ணிலிருந்து எழுபது, எண்பது சென்டிமீட்டர். ஸ்பீடோமீட்டர் எண் பெரியது, அதனால் அனேகமாக ஓட்டிவிடலாம். அதுவும் தெளிவாக வேண்டும் என்றால் மோனோஃபோகல் பிளஸ் என்று ஒரு வகை இப்போது கிடைக்கிறது, நடுத்தூரத்துக்குச் சிறிது கை கொடுக்கும். வளையத் தொல்லை ஏறத்தாழ சாதா மோனோஃபோகல் அளவுதான். 'இடாஃப்' என்று சொல்லப்படும் லென்ஸில் நடுத்தூரம் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அதில் சில மாடல்கள் வளையம் காட்டும், அதனால் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். டோல் ரசீதும் லோடு பில்லும் பார்க்கச் சட்டைப் பையில் ஒரு ரீடிங் கிளாஸ் இருக்கட்டும். இந்த வயதில் அது எப்படியும் உங்களிடம் இருக்கும்.

அப்புறம், லென்ஸுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. சிறுநீர் தொல்லைக்கு டாம்சுலோசின் மாத்திரை எப்போதாவது சாப்பிட்டிருந்தால் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த மாத்திரையால் கண்மணியைச் சுற்றியுள்ள திரை தளர்ந்து ஆபரேஷன் நடுவில் மடங்கும். நிறுத்தி நாளானாலும் இந்தக் குணம் போகாது. முன்பே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார்.

"புரை நன்றாகப் பழுத்த பிறகுதான் உரிக்க வேண்டும் என்கிறாரே என் மாமியார்?"
— வாசகி, பட்டுக்கோட்டை

அவர் காலத்தில் அது சரி. அன்றைய முறைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நிறையப் பேருக்கு அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சி எடுக்கிறோம். புரை கல்லாக இறுகினால் அதிக சக்தி செலுத்த வேண்டிவரும், கருவிழிக்குக் கெடுதல். அன்றாட வேலை தடைப்படும்போது எடுத்துவிடலாம்.

"பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வயது 54. கண்ணாடியில் சிலிண்டர் பவர் 2.25 இருக்கிறது. டோரிக் லென்ஸ் வைக்கச் சொல்கிறார்கள். கூடுதல் பணம் கேட்கிறார்கள். இது அவசியமா, இல்லை இதுவும் வியாபாரமா?"
— வாசகி, திருப்பூர்

வியாபாரம் எங்கும் இருக்கிறது. ஆனால் கூடுதல் பணம் கேட்கும் லென்ஸ்களில் நான் மனசார ஆமாம் சொல்பவற்றில் டோரிக்கும் ஒன்று. அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது.

கருவிழியின் வளைவு ஒரு திசையில் கூடவும் இன்னொரு திசையில் குறைவாகவும் இருப்பதால் வருவது சிலிண்டர் பவர். சாதா லென்ஸ் வைத்தால் புரை போகும், சிலிண்டர் அப்படியே இருக்கும். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் நிழலடித்த மாதிரிதான் தெரியும். கண்ணாடி போட்டால் சரியாகும். போடாமல் சரியாக வேண்டுமென்றால் டோரிக்.

நிபந்தனை இதுதான்: உங்கள் கண்ணாடிச் சீட்டில் இருக்கும் 2.25 முழுக்கக் கருவிழியிலிருந்து வருவதுதானா? அதில் ஒரு பங்கு புரை பிடித்த லென்ஸிலிருந்தே வரலாம். புரையை எடுத்ததும் அந்தப் பங்கு தானாகப் போய்விடும். எனவே கண்ணாடி பவரை வைத்து முடிவு செய்யக் கூடாது. கெரட்டோமெட்ரி அல்லது டோபோகிராபி ரிப்போர்ட்டில் கருவிழியின் சிலிண்டர் எவ்வளவு என்று கேளுங்கள். ஒன்று, ஒன்றேகாலுக்கு மேல் இருந்தால் டோரிக் பேசலாம். அரைதான் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

இந்த லென்ஸை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டுமோ அதே கோணத்தில் வைக்க வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் பலனில் சுமார் மூன்று சதவீதம் போய்விடும். முப்பது டிகிரி திரும்பினால் வைத்ததும் வைக்காததும் ஒன்று. படுக்கும்போது கண் தன்னைத்தானே லேசாகச் சுழற்றிக்கொள்ளும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் உட்கார வைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, வெள்ளை விழியின் ஓரத்தில் மையால் புள்ளி வைப்போம். சில இடங்களில் கேமரா அதைச் செய்கிறது. உங்களை உட்கார வைத்துக் குறி வைக்கப் போகிறார்களா, கேமராவா என்று கேட்டு வையுங்கள். கேள்வி பிடிக்காத டாக்டர் இருக்கலாம், ஆனால் பதில் தெரியாத டாக்டர் டோரிக் வைக்கக் கூடாது.

செக்கிங் டேபிளுக்கும் உங்கள் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். டோரிக்கையும் நீங்கள் கேட்கும் தூரத்துக்கு வைக்கலாம்.

"அப்பாவுக்கு முகாமில் பார்த்து, பஸ்ஸில் கூட்டிப்போய் இலவசமாக ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். 'மடிக்காத பழைய லென்ஸ்தான் வைத்திருப்பார்கள், மட்டமானது' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து அப்பா மனசு சரியில்லை."
— மகள், ராமநாதபுரம்

அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள் அம்மா.

பிஎம்எம்ஏ என்கிற அந்த மடிக்காத லென்ஸின் கதை இரண்டாம் உலகப் போரில் ஆரம்பிக்கிறது. அடிபட்ட பிரிட்டிஷ் விமானிகள் சிலரின் கண்ணுக்குள் விமான ஜன்னலின் பிளாஸ்டிக் சிதறல் போய்த் தங்கிவிட்டது. சிகிச்சை பார்த்த ஹெரால்ட் ரிட்லி ஒன்றைக் கவனித்தார். அந்தத் துண்டு கண்ணுக்குள் சும்மா கிடக்கிறது, கண் அதை எதிர்க்கவில்லை. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அந்த வகைப் பிளாஸ்டிக்கால் செய்த லென்ஸை முதன்முதலாக ஒரு கண்ணில் வைத்தார். பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் பல ஆண்டுகள் அவரைத் திட்டினார்கள். 2000-இல் சர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே அவருடைய இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, அதே செயின்ட் தாமஸில் லென்ஸ் வைத்தாயிற்று.

அந்தப் பிளாஸ்டிக்தான் உங்கள் அப்பா கண்ணில் இருக்கிறது. எழுபது ஆண்டுக்கு மேல் மனிதக் கண்ணுக்குள் சோதித்துப் பார்த்த சாமான். மடியாது என்பதால் ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்ட வேண்டும். ஆனால் அந்த வெட்டைச் சாய்வாகச் சுரங்கம் போலப் போட்டால் தானே மூடிக்கொள்ளும், பெரும்பாலும் தையல் தேவையில்லை. இந்த முறையையும் அல்ட்ராசவுண்ட் முறையையும் நேபாளத்தில் முற்றின புரை உள்ளவர்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் பார்வை கிட்டத்தட்ட ஒரே அளவு. வெட்டு பெரிது என்பதால் சிலிண்டர் பவர் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். கண்ணாடியில் சரிக்கட்டலாம்.

லென்ஸே வைக்காமல் புரையை மட்டும் எடுத்து அனுப்பிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். பத்து பவரில் சோடாபுட்டிக் கண்ணாடி. எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். படியில் கால் வைத்தால் படி அங்கே இருக்காது. டம்ளரைப் பிடிக்கக் கை நீட்டினால் காற்றைப் பிடிக்கும். கண்ணாடி உடைந்துபோனால் அவ்வளவுதான், மனிதர் மறுபடி குருடு. வெளிநாட்டு லென்ஸ் நம் ஊர்க்காரருக்கு எட்டாத விலையில் இருந்தது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்று சொந்தத் தொழிற்சாலை வைத்து லென்ஸைத் தானே செய்ய ஆரம்பித்தது. இறக்குமதி விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொடுக்க முடிந்தது. இன்று நம்மூர் லென்ஸ் வெளிநாடுகளுக்குப் போகிறது. மட்டம் என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் எந்த லென்ஸ் வைத்துக்கொண்டிருக்கிறாரோ, தெரியவில்லை.

அப்பாவுக்கு எழுத்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் அது கண்ணாடி விஷயம். ஒரு மாதம் ஆனதும் கூட்டிப்போய்ப் பவர் பார்த்து வாங்குங்கள். முகாமில் செய்துகொண்டவர்களில் பலர் அந்த மறுபரிசோதனைக்குப் போவதில்லை.

"இரண்டு வருஷம் முன்பு நல்ல லென்ஸ் வைத்தேன். இப்போது பழையபடி மங்கல். லென்ஸ் கெட்டுவிட்டதா? மாற்ற வேண்டுமா?"
— வாசகர், காரைக்குடி

லென்ஸ் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. லென்ஸை உட்கார வைத்திருக்கும் பையின் பின்சவ்வில் செல்கள் வளர்ந்து மங்குகிறது. புரை திரும்ப வந்துவிட்டது என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். யாக் லேசர் வைத்து நடுவில் ஒரு சின்ன ஜன்னல் திறந்துவிடுவார்கள். சில நிமிட வேலை, ஊசி இல்லை, வலியும் இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். லேசருக்கு முன்னால் விழித்திரையைப் பார்த்துவிடச் சொல்லுங்கள், மங்கலுக்குக் காரணம் அங்கேயும் இருக்கலாம். லேசர் வைத்த பிறகு திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கொட்டினாலோ, மின்னல் அடித்தாலோ, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்றே ஓடிப் போய்க் காட்ட வேண்டும்.

"பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. மல்டிஃபோகலுக்குப் பணம் தயார். ஆனால் டாக்டர் 'உங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். காசு கொடுக்கத் தயாராக இருந்தும் மறுப்பது ஏன்?"
— ஜவுளி வியாபாரி, ஈரோடு

அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள். அதிக விலைக்கு விற்க வாய்ப்பிருந்தும் வேண்டாம் என்று சொல்கிறவரை இந்தக் காலத்தில் தேட வேண்டியிருக்கிறது.

லென்ஸ் என்னதான் அனுப்பினாலும் வாங்கிக்கொள்வது விழித்திரை. பதினெட்டு வருஷச் சர்க்கரை அங்கே ஏதாவது செய்திருக்கலாம், இனியும் செய்யலாம். மாக்குலா என்கிற நடுப்பகுதியில் நீர் கோத்தால் வெளுப்பு, கறுப்பு வித்தியாசம் பிரித்தறிவது குறையும். மல்டிஃபோகலும் அதே திறனைத்தான் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் கடையில் நீலப் புடவைக்கும் கருநீலப் புடவைக்கும் வித்தியாசம் சொல்லத் திணறுவீர்கள். கிளாகோமா என்கிற கண் அழுத்த நோய் முற்றியவருக்கும், மாக்குலா தேய்ந்தவருக்கும், கருவிழி மேடு பள்ளமாக இருப்பவருக்கும் இதே பதில்தான்.

நீங்கள் கேட்க வேண்டியது ஹைட்ரோபோபிக் அக்ரிலிக் மோனோஃபோகல். பிற்காலத்தில் விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு நிரப்ப வேண்டி வந்தால் ஹைட்ரோபிலிக் வகையில் சில சமயம் சுண்ணாம்பு படிந்து லென்ஸே வெளுத்துப்போகும். ஆபரேஷனுக்கு முன், விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள். மிச்சமான பணத்தில் வருஷா வருஷம் விழித்திரையைப் பரிசோதியுங்கள்.

"மஞ்சள் நிற லென்ஸ் வைத்தால் செல்போன் வெளிச்சத்திலிருந்து விழித்திரை பிழைக்கும் என்கிறார்களே?"
— ஐடி ஊழியர், சென்னை

அப்படிக் காப்பாற்றுகிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுப்பது நிறமில்லாத லென்ஸிலும் உண்டு. மஞ்சளால் கெடுதலும் பெரிதாக இல்லை. அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

"லென்ஸுக்கு ஆயுசு எத்தனை வருஷம்? எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கலாமா?"
— வாசகர், நாகர்கோவில்

உங்கள் ஆயுசுதான் அதன் ஆயுசு. பெட்டியில் போட்டிருக்கும் காலாவதித் தேதி, திறக்காமல் எவ்வளவு நாள் கிருமி இல்லாமல் வைத்திருக்கலாம் என்பதற்கு. கண்ணுக்குள் போன பிறகு அந்தத் தேதிக்கு வேலையில்லை. எம்ஆர்ஐ எடுக்கலாம், பிளாஸ்டிக்தானே. ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸின் மாடல், பவர், வரிசை எண் உள்ள ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை ஒன்று தருவார்கள். ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். இரண்டாவது கண்ணுக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

"வலது கண்ணில் டிரைஃபோகல் வைத்து மூன்று மாதம் ஆகிறது. கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன், அது உண்மை. ஆனால் எல்லாம் ஒரு மெல்லிய புகைக்குள் இருப்பது போலத் தெரிகிறது. தெருவிளக்கைச் சுற்றி வளையம். கேட்டால் 'பழகிவிடும்' என்று மட்டும் சொல்கிறார்கள். அடுத்த வாரம் இடது கண்ணுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதிலும் இதையே வைக்கலாமா?"
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

பழகிவிடும் என்பது பொய் இல்லை, சார். மூளை அந்த வளையங்களை ஒதுக்கக் கற்றுக்கொள்ள மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி லென்ஸ் வந்ததும் சரியாகிவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் பழகிவிடும் என்று சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் மிச்சப் பவர். டிரைஃபோகல் வைத்த கண்ணில் முக்கால் பவர், ஒரு பவர் சிலிண்டர் மிஞ்சினால்கூட எல்லாம் கலங்கும். லென்ஸ் பவர் கணக்கு கண்ணின் நீளத்தை வைத்துப் போடுவது. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் இரண்டரை, மூன்று பவர் தப்பும். கண்ணைத் தொட்டு அளக்கும் ஏ-ஸ்கேனில் கை லேசாக அழுத்தினாலே கால், அரைப் பவர் மாறிவிடும். ஒளியால் தொடாமல் அளக்கும் கருவி இதைவிடத் துல்லியம். உங்களுக்கு எதில் அளந்தார்கள் என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். சோதனைக் கண்ணாடி போட்டுப் பார்த்துப் புகை விலகினால் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து கண் வறட்சி. சொட்டு மருந்து விட்டுக் கண் சிமிட்டியதும் சில நொடி தெளிந்து மறுபடி மங்குகிறதா? அப்படியானால் வறட்சிக்கு மருத்துவம் பார்க்க வேண்டும். மூன்றாவது, ஓசிடி எடுத்து மாக்குலாவில் நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லென்ஸ் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டும்.

பின்சவ்வு லேசாக மங்கியிருக்கிறது, லேசர் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். இந்த லென்ஸே ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்துவிட்டு மோனோஃபோகல் வைக்கலாம் என்று முடிவானால், சவ்வு முழுசாக இருக்கும்போது மாற்றுவது சுலபம். லேசரால் துளை போட்ட பிறகு அதே வேலை சிக்கலாகிவிடும். மாற்றுவது என்றால் முதல் சில மாதங்களுக்குள் செய்வது நல்லது, நாளானால் லென்ஸ் பையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே லென்ஸை மாற்றுவதா இல்லையா என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, லேசர் பேச்சை அப்புறம் எடுக்கட்டும்.

இடது கண்ணுக்கு என் யோசனை மோனோஃபோகல், தூரத்துக்கு. வலது கண் பேப்பரைப் பார்த்துக்கொள்ளும், இடது கண் ராத்திரித் தெருவைப் பார்த்துக்கொள்ளும். இந்தக் கலப்பை நிறையப் பேர் நன்றாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் வலது கண்ணில் குறை என்ன என்று தெரியாமல் இடது கண்ணைத் தொடக் கூடாது. அடுத்த வாரத் தேதியை ரத்து செய்யச் சொல்லுங்கள். உங்கள் வயதுப் புரை ஓரிரு மாதம் பொறுக்கும். பழைய ரிப்போர்ட்டுகளையும் லென்ஸ் அட்டையையும் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு ஆபரேஷன் செய்யாத வேறொரு டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிட்டு வாருங்கள்.